ஆடு கறக்கும் கைக்கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிரண்டு கறவை ஆடு வைத்திருப்பவர்கள் கைப்பம்ப் கருவியைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கருவி நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. காம்புக்கு ஓய்வு கொடுத்துக் கறப்பவர் கையில் அது நல்ல கருவி. ஓய்வு கொடுக்காதவர் கையில் அதே கருவி மடியைக் கெடுத்துவிடும்.

கைக்கருவி என்று எதைச் சொல்கிறோம்?

காம்பில் மாட்டும் ஒரு சிறிய கோப்பை, பால் சேரும் புட்டி, ஒரு மெல்லிய குழாய், விரல்களால் இழுத்து விடும் பிடியுள்ள கைப்பம்ப். இவ்வளவுதான். சிலவற்றில் உறிஞ்சுவிசையைக் காட்டும் முள் அளவுமானியும் இருக்கும். பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

பெரிய பண்ணையில் இருக்கும் கறவை இயந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஒரு பதிலையாவது பொறுமையாகப் படித்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கையால் கறக்கும்போது நாம் உறிஞ்சுவதில்லை. காம்பின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடைத்து, மற்ற விரல்களால் மேலிருந்து கீழாக அழுத்துகிறோம். உள்ளே ஏறும் அழுத்தத்தில் காம்பு நுனியின் துவாரம் திறந்து பால் பீச்சுகிறது. விரலைத் தளர்த்தியதும் மடியிலிருந்து புதுப்பால் காம்பில் இறங்குகிறது. அழுத்துவதும் தளர்த்துவதும் மாறி மாறி நடப்பதால் காம்புக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது.

பண்ணை இயந்திரம் வேறு மாதிரி. அதன் கோப்பைக்குள் ரப்பர் உறை ஒன்று இருக்கும். காம்பு அந்த உறைக்குள் நிற்கும். உறைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் காற்று போய் வந்துகொண்டே இருக்கும். காற்று வெளியேறும்போது உறை விரிந்து பால் வரும். காற்று உள்ளே வரும்போது உறை சுருங்கிக் காம்பைப் பிடித்துவிடும், நுனியில் தேங்கிய இரத்தம் மேலே திரும்பும். இந்தத் துடிப்பை உண்டாக்குவது பல்சேட்டர். பசுவுக்கு நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றும் ஆட்டுக்கு 90 துடிப்பு என்றும் வைப்பது வழக்கம்.

கைக்கருவியில் பெரும்பாலும் இந்த ரப்பர் உறையும் இல்லை, பல்சேட்டரும் இல்லை. பம்பை அழுத்தினால் உறிஞ்சுவிசை ஏறி அப்படியே நிற்கும். பால் ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. பால் நின்ற பிறகும் விசை நின்றால் அது காம்பு நுனியையே இழுக்கும். இரத்தமும் நீரும் அங்கே தேங்கும், நுனி வீங்கித் தடிக்கும், துவாரம் சரியாக மூடாது. இயந்திரத்தில் பல்சேட்டர் செய்யும் வேலையை இங்கே உங்கள் கைதான் செய்தாக வேண்டும்: விசையை ஏற்றுவது, பால் மெலிந்ததும் இறக்குவது.

எனக்கு இந்தக் கருவி தேவையா?

விரல் மூட்டு வலி, மணிக்கட்டு வலி, கையில் பழைய காயம் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வலி பொறுக்காமல் ஆட்டையே விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இதை முயன்று பார்க்கலாம். காம்பு மிகச் சிறிதாக, இரண்டு விரலுக்கு மேல் பிடிக்க இடமில்லாத ஆடுகளுக்கும் பயன்படும். மூடிய புட்டியில் நேராகப் பால் விழுவதால் மயிரும் தூசியும் சாணியும் குறைவாகவே சேரும்.

நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு நேரத்தில் ஒரு காம்புதான் கறக்க முடியும், பழகிய கை இரண்டு காம்பையும் சேர்த்துக் கறந்துவிடும். அப்புறம் கழுவும் வேலை வேறு இருக்கிறது. ஒன்று முதல் மூன்று ஆடு வரை கைக்கருவி சரிப்படும். நாலைந்து ஆட்டுக்கு மேல் போனால் பல்சேட்டர் உள்ள சிறிய வாளி இயந்திரத்தைப் பற்றி யோசிப்பது நல்லது, ஆட்டுக்கும் அதுவே நல்லது.

கையால் கறக்கத் தெரியாமல் கருவியை மட்டும் நம்பி ஆடு வாங்கலாமா?

கூடாது. வால்வு கிழியும், குழாய் வெடிக்கும், புட்டி உடையும். அந்த நாளிலும் மடி நிரம்பத்தான் செய்யும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மடியின் சூடு, இறுக்கம், கட்டி, பாலின் தன்மை எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடிப்பது விரல்கள்தான். முதல் இரண்டு மூன்று பீச்சலும் கடைசி வடிப்பும் கருவி இருந்தாலும் கையால்தான்.

கறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மடியில் அழுக்கு இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலரவும் துடைக்க வேண்டும். ஈர மடியில் கோப்பையை மாட்டக் கூடாது. அழுக்கு நீர் காம்பு வழியாக வழிந்து கோப்பைக்குள் சேரும், அங்கிருந்து பாலுக்கும் போகும், துவாரத்துக்கும் போகும். ஒரு ஆட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியால் எல்லா ஆட்டையும் துடைப்பது நோயை நாமே பரப்புவது.

அடுத்து ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு மூன்று பீச்சல் கறுப்பு நிறக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி, கட்டி, நீர்த்த பால், இரத்தச் சாயல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்த முதல் பாலில் கிருமி அதிகம், அதைக் கீழே கொட்டிவிட வேண்டும், நல்ல பாலில் சேர்க்கக் கூடாது.

துடைப்பதும் முதல் பீச்சலும் சேர்ந்து ஆட்டுக்குச் சுரப்பைத் தூண்டுகின்றன. மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற பால் இறக்கும் ஹார்மோன் மடிக்கு வர ஒரு நிமிடம் வரை ஆகலாம். அவசரப்பட வேண்டாம்.

சரி, கருவியை மாட்டுவது எப்படி?

ஆடு தீவனத் தொட்டியில் வாய் வைத்திருக்கட்டும். காம்பைக் கோப்பைக்குள் நேராக விட்டு, கோப்பையின் விளிம்பு மடியின் அடியில் மெதுவாகப் பதியும்படி பிடியுங்கள். மடியின் சதை உள்ளே இழுபடக் கூடாது, மயிர் இடையில் சிக்கக் கூடாது. மயிர் சிக்கினால் காற்று கசியும், ஆட்டுக்கும் வலிக்கும். மடியைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து வைப்பது இதற்கும் சுத்தத்துக்கும் உதவும்.

பம்பை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தாலே பால் வரத் தொடங்கும். வந்ததும் நிறுத்துங்கள். ஓட்டம் தானாகத் தொடரும், மெலியும்போது இன்னும் ஓர் இழுப்பு. அளவுமானி இருந்தால் குறைந்த விசையில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள். பல்சேட்டர் உள்ள இயந்திரத்திலேயே ஆட்டுக்கு 36 முதல் 40 கிலோபாஸ்கல் வரைதான் வைப்பார்கள், பாதரச அங்குலத்தில் ஏறக்குறைய 11 முதல் 12. துடிப்பே இல்லாத கைக்கருவியில் அதைத் தாண்ட எந்தக் காரணமும் இல்லை, அதற்குக் கீழேயே பெரும்பாலான ஆடுகளில் பால் வந்துவிடும். கைப்பம்புகள் இதைப்போல் இரண்டு மடங்கு விசையைக்கூடச் சுலபமாக ஏற்றிவிடும் என்பதால்தான் அளவுமானி உள்ளதை வாங்கச் சொல்கிறேன்.

ஓட்டம் சொட்டாக மாறியதும் விசையை இறக்கும் வால்வைத் திறந்து, காற்று உள்ளே போன பிறகே கோப்பையை எடுக்க வேண்டும். விசை இருக்கும்போது பிடித்து இழுக்கவே கூடாது. மடியின் மேல்பகுதியை உள்ளங்கையால் இரண்டு முறை தடவிக் கொடுத்துவிட்டு மறுபடி மாட்டினால் மிச்சப் பாலும் இறங்கும். கடைசியாகக் கையால் நாலைந்து வடிப்பு.

பம்ப் அடிக்கிறேன், பால் வரவில்லை. ஏன்?

முதலில் காற்றுக் கசிவைப் பாருங்கள். அளவுமானி முள் ஏறி உடனே இறங்கினால் கோப்பை சரியாகப் பதியவில்லை, அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது குழாயில் வெடிப்பு. முள் ஏறி நிற்கிறது, பால் மட்டும் வரவில்லை என்றால் காம்பு கோப்பைச் சுவரில் ஒட்டியிருக்கலாம், அல்லது துவாரத்தில் காய்ந்த பால் அடைத்திருக்கலாம். கையால் ஒரு முறை பீச்சினால் தெரிந்துவிடும்.

ஆடு பயந்திருந்தால் வேறு கதை. நாய் குரைத்தது, புது ஆள் வந்தார், கருவியின் சத்தம் புதிது. பயத்தில் அட்ரினலின் சுரந்தால் ஆக்ஸிடோசினின் வேலை தடைபடும். ஆட்டின் மடியில் பாலின் பெரும்பகுதி கீழே உள்ள பை போன்ற இடத்தில் ஏற்கெனவே இறங்கி நிற்கும். பசுவில் அப்படி நிற்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் பயந்த ஆடுகூடக் கொஞ்சம் பால் தரும், ஆனால் கொழுப்பு மிகுந்த கடைசிப் பாலை மடியிலேயே நிறுத்திக்கொள்ளும். அப்போது விசையைக் கூட்டிப் பயனில்லை. நிறுத்திவிட்டு, ஆடு அமைதியான பிறகு தொடங்குங்கள்.

எந்த அளவு கோப்பை வாங்குவது?

காம்பு உள்ளே தொங்க வேண்டும், சுற்றிலும் சிறிது இடம் இருக்க வேண்டும். இறுக்கமானால் ஓட்டம் தடைபடும். மிகவும் அகலமானால் மடிச் சதையே உள்ளே இழுபடும், அது வலியும் புண்ணும் தரும். வெவ்வேறு அளவுள்ள உள்வளையங்கள் சேர்த்துத் தரும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஆட்டிலேயே இரண்டு காம்பும் வேறு வேறு அளவில் இருப்பதுண்டு. கூடுதல் காம்பு இருக்கும் ஆடுகளும் உண்டு, அந்தச் சின்னக் காம்பில் கருவியை மாட்ட வேண்டாம்.

கறந்த பின் காம்பு நுனி சிவந்து, வெள்ளை வளையம் போலத் தடித்திருக்கிறது. இது சாதாரணமா?

இல்லை. விசை அதிகம், அல்லது பால் நின்ற பிறகும் கோப்பை மாட்டியிருந்திருக்கிறது. சில நாட்கள் கருவியை ஒதுக்கிவிட்டுக் கையால் கறங்கள். மறுபடி தொடங்கும்போது விசையைக் குறைத்து, இடையில் இரண்டு மூன்று முறை வால்வைத் திறந்துவிட்டுக் கறங்கள். ஒவ்வொரு முறை கோப்பையை எடுத்ததும் நுனியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கறந்ததும் காம்பு மென்மையாக, வழக்கமான நிறத்தில் இருக்க வேண்டும். நீலம் பாரித்தாலோ, தொட்டால் ஆடு காலைத் தூக்கினாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள்.

கருவியால் மடிநோய் வருமா?

கருவி நோயை உண்டாக்குவதில்லை, கிருமிக்கு வழி திறந்துவிடலாம். வீங்கிய நுனி ஒரு வழி, கழுவாத கோப்பை இன்னொரு வழி. கறக்கும் நடுவில் கோப்பை வழுக்கிக் காற்று சட்டென்று உள்ளே புகுந்தால் பால் துளிகள் வேகமாகக் காம்பு நுனியில் மோதும், கிருமி துவாரத்துக்குள் தள்ளப்படலாம். இது மூன்றாவது வழி.

ஒரு பக்க மடி சூடாகவோ கல் போலவோ இருந்தால், பாலில் திரி வந்தால், ஆடு தீவனம் எடுக்காமல் நின்றால் கருவியை மாட்டாதீர்கள். கையால் கறந்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆட்டு மடியின் இரண்டு பாதியும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை அல்ல, ஆனால் கோப்பையும் கையும் நோயை ஒரு பாதியிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோய்விடும். நல்ல பாதியை முதலில், நோயுள்ளதைக் கடைசியில். மந்தையிலும் அப்படியே, நோயுள்ள ஆடு கடைசி. ஆன்டிபயாடிக் ஊசியோ மடிக்குள் செலுத்தும் மருந்தோ கொடுத்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மடிநோய்ச் சோதனைக் கரைசல் (பாலில் செல் மிகுந்திருந்தால் இதோடு கலந்ததும் கெட்டியாகும்) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டுப் பாலில் இயல்பாகவே செல் எண்ணிக்கை பசும்பாலைவிட அதிகம். லேசாகக் கெட்டியானதும் பயப்பட வேண்டாம். இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் நன்றாக வேறுபட்டால் கவனிக்க வேண்டும்.

கறந்து முடித்ததும்?

காம்பைக் காம்பு நனைக்கும் அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். துவாரம் முழுவதும் மூட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை ஆடு படுக்காமல் இருக்கப் புதுத் தீவனம் போட்டு நிற்க வையுங்கள். உடனே குட்டியை ஊட்ட விடுவதாக இருந்தால் அயோடின் வேண்டாம்.

பாலை உடனே வடிகட்டி, பனிநீரில் புட்டியை வைத்து வேகமாகக் குளிர வையுங்கள். 4 டிகிரி செல்சியஸுக்கு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஆட்டுப் பால் வீச்சமடிக்கிறது என்பவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும். குடிக்கும் முன் காய்ச்ச வேண்டும். புரூசெல்லா போன்ற கிருமிகள் ஆட்டிலிருந்து மனிதருக்குப் பச்சைப் பாலில் வரும், கருவி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தடுக்காது. பாஸ்சுரைஸ் செய்வதென்றால் 63 டிகிரியில் 30 நிமிடம்.

எப்படிக் கழுவுவது?

கறந்தவுடன் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு கழுவுவது இரண்டு மடங்கு வேலை.

முதல் அலசல் வெதுவெதுப்பான நீரில். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படலத்தில் கிருமி குடியேறும், பிறகு எந்த மருந்தும் அதை எட்டாது. இரண்டாவது, சோப்புக் கரைசலுடன் சூடான நீர். எவ்வளவு சூடு தாங்கும் என்பது கருவியின் குறிப்பில் இருக்கும். வளையம், வால்வு, வாஷர் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும், குழாய்க்குள் போகும் மெல்லிய பிரஷ் ஒன்று அவசியம். பிறகு நல்ல நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். துடைக்கும் துணியே மறுபடி கிருமியைக் கொண்டுவரும்.

உப்புநீர் உள்ள இடத்தில் கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பாற்கறை படியும், சோப்பில் போகாது. வாரம் ஒரு முறை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து அலசினால் போய்விடும். அடுத்த கறவைக்கு முன் மெல்லிய குளோரின் கரைசலில் கிருமி நீக்கலாம். வினிகரும் குளோரினும் ஒன்றாகச் சேரவே கூடாது, நச்சு வாயு வரும். இரண்டையும் வேறு வேறு வேளையில், இடையில் நன்றாக அலசிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

பம்புக்குள் பால் போய்விட்டது. என்ன செய்ய?

புட்டி நிரம்பி வழிந்தாலோ சாய்ந்தாலோ குழாய் வழியாகப் பால் மேலே ஏறும். முக்கால் பங்கு ஆனதும் புட்டியை மாற்றினால் இது நடக்காது. போய்விட்டால் வெதுவெதுப்பான நீரைப் பம்ப் வழியாகவே இழுத்து வெளியேற்றி, கழற்ற முடிந்ததைக் கழற்றிக் காய வையுங்கள். ரப்பரில் பெட்ரோலிய கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ் சரி.

பேட்டரிக் கருவி இதைவிட நல்லதா?

விரல் வலி அதிகம் உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் துடிப்பு உண்டு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கோப்பையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ரப்பர் உறையும் அதைச் சுற்றித் தனிக் காற்றறையும் இருந்தால்தான் காம்பைப் பிடித்துவிடும் துடிப்பு. இல்லையென்றால் அது உறிஞ்சுவிசையை விட்டு விட்டுத் தருகிறது, அவ்வளவே. ஒரே விசையில் நிற்பதைவிட அது மேல், இருந்தாலும் பால் நின்றதும் எடுத்துவிட வேண்டும் என்ற விதி மாறாது.

ஊசிக்குழலையும் குழாயையும் வைத்து நானே செய்துகொள்ளலாமா?

செய்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும், விசை எவ்வளவு என்று தெரியாது, விசையை இறக்க வால்வும் இருக்காது. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்தானா என்பதும் கேள்வி.

தலைஈத்து ஆடு உதைக்கிறது. கருவியை எப்படிப் பழக்குவது?

சினையாக இருக்கும்போதே கறவை மேடையில் ஏறித் தீவனம் தின்னப் பழக்குங்கள், மடியைத் தொட்டுப் பழக்குங்கள். ஈன்ற பிறகு முதல் சில நாள் கையால் மட்டும். அப்புறம் கருவியைப் பக்கத்தில் வைத்துப் பம்பின் சத்தத்தை மட்டும் கேட்க விடுங்கள். உதைத்தால் கோப்பையை அழுத்திப் பிடித்துப் போராடாமல் விசையை இறக்கி எடுத்துவிடுங்கள். ஒரு முறை வலித்தால் அதை மறக்க வைக்கப் பல நாள் ஆகும். நன்றாகப் பழகியிருந்த ஆடு திடீரென்று உதைத்தால் குணத்தைக் குறை சொல்லாமல் மடியைப் பாருங்கள், அங்கே புண்ணோ வீக்கமோ இருக்கும்.

சீம்பால் எடுக்க இது உதவுமா?

மிகவும் உதவும். எழுந்து நிற்க முடியாத குட்டிக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போயே ஆக வேண்டும், நேரம் போகப் போகக் குடல் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளை ஏற்கும் திறனை இழந்துவிடும். சீம்பால் கெட்டி என்பதால் மெதுவாக வரும், அதற்காக விசையைக் கூட்டக் கூடாது. கருவியின் புட்டியிலேயே ஊட்டும் காம்பைத் திருகிக் குட்டிக்குக் கொடுக்கும் வசதி சிலவற்றில் உண்டு. நன்றாக ஊட்டும் குட்டி இருந்தால் கருவி வேண்டாம், குட்டியே போதும்.

பால் வற்றச் செய்யும் காலத்தில்?

அடுத்த ஈத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்துவார்கள். அடர்தீவனத்தைக் குறைத்து, மடி மிகவும் இறுகினால் மட்டும் கையால் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். கருவியை அப்போது மாட்ட வேண்டாம், முழுதாகக் கறந்தால் மடி மறுபடி சுரக்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் கருவியைப் பிரித்துப் போட்டு, விரிசல் விட்ட குழாய், பிசுபிசுத்த வாஷர், நெகிழ்ந்த வளையம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்பதைக் கருவி வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.